காலனிப் பள்ளிக்கூடத்துச் சாவடி

நாணல்தாங்கல் காலனி,
செய்யூர் வழி.
27 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தம்பி ஆல்வினுக்கு,

அக்கா ரூத் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் பிள்ளைகளும் நலம். உன் மாமாவுக்கு அணுபுரம் கேன்டீனில் வேலை போய்க்கொண்டிருக்கிறது, வாரம் ஒருமுறை வந்து போகிறார். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. செங்கல்பட்டில் நீயும் ஜெசிந்தாவும் பாப்பா சிநேகாவும் சுகமா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பிடிபடுவதே இல்லை. பக்கத்தில் யாரோ நிற்பது போல, "ஆங், சரி, பாக்கலாம்" என்று வைத்துவிடுகிறாய். இது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் எங்களுக்குக் கூட்டம். அங்கன்வாடி டீச்சர்களைத்தான் பூத் அலுவலர் வேலைக்கும் போட்டிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். வாக்குச் சாவடிகளை மறுபடி ஆராய்ந்து எது எங்கே என்று தயாரித்த வரைவை வாசித்தார்கள். நம் காலனிப் பள்ளிக்கூடத்துச் சாவடியை எடுத்துவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்திருக்கிறார்கள். கட்டடம் பழுதாம்.

நான் எழுந்து கேட்டேன். "சார், அந்தக் கட்டடத்த நானே பாத்து, நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்தனே சார்."

மேற்பார்வையாளர் தலை நிமிரவில்லை. "அதுக்கப்புறம் மேலருந்து ஆபீசரு வந்து நேர்ல பாத்துட்டாரும்மா. உக்காரு."

ஓரத்து வகுப்பு மழைக்கு ஒழுகும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பூத் போடுவது பெரிய அறையில். அங்கே ஒரு சொட்டு இறங்காது. வண்டி நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. எதைப் பார்த்துப் பழுது என்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நீ தேர்தல் பிரிவிலேயே துணை தாசில்தாராக இருக்கிறாய். யார் வந்து பார்த்தது, என்ன எழுதினார்கள், மாற்ற வழியுண்டா என்று விசாரித்து எழுது. அம்மாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
ரூத்


செங்கல்பட்டு,
9 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஆல்வின் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சிநேகாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பள்ளிக்குப் போகிறாள். அம்மாவின் முட்டிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் பார்த்தேன். இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததில்லை. மாவட்டம் முழுக்கச் சின்னச் சாவடிகளையும் பழைய கட்டடத்துச் சாவடிகளையும் நல்ல கட்டடத்துக்கு மாற்றுகிறோம். விதி அப்படி. ஊர்ப் பள்ளிக்கூடம் புதுக்கட்டடம். ஃபேன் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது. யார் வந்து பார்த்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பார் அக்கா. எத்தனை காலத்துக்கு நமக்குத் தனிச் சாவடி? நம் ஜனங்களும் எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போடட்டுமே. அப்பா காலம் வேறு. இப்போது யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை.

நீ பூத் அலுவலராக இருந்துகொண்டு ஆட்சேபனை மனுவில் கையெழுத்துப் போடாதே. உன் வேலைக்குத்தான் தொந்தரவு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்,
தம்பி ஆல்வின்


நாணல்தாங்கல் காலனி,
17 செப்டம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமும் ஜெசிந்தா, பாப்பா நலமும் அறிய ஆவல். பாப்பாவைக் குளிர்ந்த தண்ணீரில் விடாதே.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. கை நிற்கவில்லை. "இன்னாடி, மறுபடியும் அந்தப் புளியமரத்தாண்ட போயி நிக்கணுமா?" என்று மட்டும் கேட்டது.

அப்போது நீ கைப்பிள்ளை, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நம் ஜனங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் போட்டு முடிக்கிற வரைக்கும் கூப்பிடமாட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஒருத்தர் வெளியே வந்து, "உங்க ஓட்டெல்லாம் வுழுந்துட்ச்சி, வூட்டுக்குப் போங்க" என்பார். யார் போட்டார்கள் என்று கேட்க ஆளில்லை. அப்பா கேட்டார். கேட்டதற்கு ஏரிக்கரையில் வைத்து அடித்தார்கள். அப்பாவின் இடது கை கடைசிவரை முழுசாக நீளவே இல்லை. அது ஏன் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கையோடு ஆபீஸ் ஆபீசாக அலைந்து வாங்கியது காலனிச் சாவடி.

தனிச் சாவடி எத்தனை காலத்துக்கு என்று கேட்டாய். தனிச் சாவடி நாம் கேட்டு வாங்கியது. தனித் தெரு நாம் கேட்காதது. முதலில் அதை எடுக்கச் சொல், பிறகு இதை எடுக்கட்டும்.

ஒரே வரிசை என்கிறாய். அந்த வரிசைக்குப் போக மாரியம்மன் கோயில் தெருவைத் தாண்ட வேண்டும். இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்பது சரிதான். நாம் அந்தத் தெரு வழியாகப் போவதும் இல்லை. ரேஷன் கடைக்குக்கூட ஏரிக்கரை சுற்றித்தான் போகிறோம். அங்கே ஒருநாளாவது நடந்து பார்த்தால் உனக்கு நினைவு வரும்.

நீ சொன்னபடி நான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து வீட்டு சரோஜா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். அம்மாதான் முதல் கையெழுத்து. கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு நடத்தும் கூட்டத்தில் மனுவை எடுப்பார்களாம். அந்தக் கூட்டத்தில் நீ இரு ஆல்வின். பேசக்கூட வேண்டாம். எங்கள் மனு வரும்போது அதைத் தள்ளி வைக்காமல் ஒருமுறை படிக்கச் சொன்னால் போதும்.

உன் அக்கா,
ரூத்


செங்கல்பட்டு,
20 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அப்படி. ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீசில்தான் இருக்கிறேன்.

கூட்டத்தன்று என்னை வேறு தொகுதி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மனுவைப் பரிசீலித்துத்தான் முடிவெடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஒன்றியக் கவுன்சிலர் வாசுதேவன், ஒரே சாவடியாக இருந்தால் ஊரில் ஒற்றுமை வளரும் என்று பேசினாராம். எந்தக் கட்சியும் மறுக்கவில்லை. நம் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தும் வாயே திறக்கவில்லையாம். அப்படியிருக்க ஆபீசைக் குறை சொல்லி என்ன பயன்?

அக்கா, உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே எனக்கு வேலை தெரிந்தவன் என்று ஒரு பேர் இருக்கிறது. அது சும்மா வந்ததில்லை. எந்த ஊர்க் கோப்பு வந்தாலும் ஒரே மாதிரி பார்க்கிறவன் என்று நம்புகிறார்கள். நம் ஊர் என்று வந்ததும் நான் எழுந்து நின்றால் அந்தப் பேர் ஒரே நாளில் போய்விடும். பிறகு எனக்கு வேறு பேர் வைப்பார்கள். அது என்ன பேர் என்று உனக்கே தெரியும்.

இனி முடிவு மாறாது. மாற்றத்தை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிப் புரியவைப்பது உன் பொறுப்பு. நடக்க முடியாதவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்கிறேன். அதை என் பொறுப்பாக வைத்துக்கொள்.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி ஆல்வின்


நாணல்தாங்கல் காலனி,
5 நவம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். மழை பிடித்துக்கொண்டது. அங்கன்வாடிக் கூரையில் தார்ப்பாய் போட்டிருக்கிறோம். ஜெசிந்தாவுக்குத் தலைவலி என்று அம்மா சொன்னது, இப்போது தேவலையா?

நீ சொன்னபடி வீடு வீடாகப் போனேன். அறிவிப்புத் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படித்துக் காட்டினேன். "உங்க ஓட்டு இனிமே ஊர்ப் பள்ளிக்கூடத்துல." இந்த வாக்கியத்தை எத்தனை முறை சொன்னேனோ, கடைசியில் என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல் ஆகிவிட்டது.

சிலர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். சரோஜா வீட்டுக்காரர் வாங்கவே இல்லை. "இந்தக் காகிதத்த நீயே எடுத்துக்கினு வந்துகீற பாரு, அதான் எனக்குப் பேஜாரா கீது. வேற யாராச்சும் வந்திருந்தா நாலு வார்த்த கேட்டிருப்பேன்" என்றார். வாலிபப் பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆல்வின் அண்ணன் ஆபீஸ்ல கீறாரு, எல்லாம் சரி பண்ணிடுவாருன்னு சொல்லிக்கினு இருந்தியே அக்கா, இன்னா ஆச்சு?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வாசல், மின்சாரம், தண்ணீர் எல்லாம் சரியா என்று. அங்கே சத்துணவு அமைப்பாளர் தெய்வநாயகி அக்கா இருந்தார். நல்ல மனுஷி, ஊர்க்காரர் என்றாலும் என்னை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார். பேச்சுவாக்கில் அவர் சொன்னது இது. "ஜூலை மாசக் கடைசியில ஜீப்புல ஒரு ஆபீசரு வந்து இந்தப் பள்ளிக்கூடத்தப் பாத்தாரும்மா. வாசுதேவன் வூட்லதான் நாஸ்தா. உங்க காலனிப் பக்கம் ஜீப்பு திரும்பிச்சு, பள்ளிக்கூடத்து வாசல்லயே நின்னு பாத்துட்டு உடனே திரும்பி வந்துட்ச்சி. எறங்கக்கூட இல்ல."

அந்த ஆபீசர் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் பிரிவிலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அது கிடக்கட்டும். நீ கடைசியாக நம் ஊருக்கு வந்தது எப்போது ஆல்வின்? அம்மா கேட்டது. எனக்கும் சரியாக நினைவில்லை. மறக்காமல் எழுது.

உன் அக்கா,
ரூத்


செங்கல்பட்டு,
22 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். புயல் மழையில் வீட்டுக்குச் சேதம் ஒன்றுமில்லை என்று போனில் கேட்டு நிம்மதி. இங்கே எங்கள் அடுக்ககத்தில் கீழே தண்ணீர் நின்றது. எல்லோரும் சேர்ந்து மோட்டார் வைத்து இறைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மிகவும் ஒத்தாசை. ஒருவர் கல்பாக்கத்தில் விஞ்ஞானி, இன்னொருவர் ஐடி கம்பெனி. சிநேகா அவர்கள் பிள்ளைகளோடுதான் விளையாடுகிறாள்.

அம்மாவுக்கும் உனக்கும் ஜெசிந்தா சேலை எடுத்து அனுப்பியிருக்கிறாள். அம்மாவுக்கு அந்த நீலம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். தைலமும் அதிலேயே வைத்திருக்கிறேன்.

இந்த முறையும் கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. வாக்காளர் திருத்தம், முகாம், கோப்பு என்று தலைக்கு மேல் கிடக்கிறது. நான் ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் இருக்கும், அப்பா நினைவு நாள் கூட்டத்துக்கு வந்ததுதான் கடைசி. தேர்தல் முடிந்ததும் ஒரு வாரம் வந்து தங்குகிறேன்.

சபையில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி ஆல்வின்


நாணல்தாங்கல் காலனி,
14 ஜனவரி 2024

ஆல்வினுக்கு,

நலம். நலமா?

சேலை வந்தது. அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனது. பார்த்தவர்களிடமெல்லாம், "எம் புள்ள எடுத்துக் குடுத்தது" என்று சொன்னது.

ஒன்றரை வருஷம் என்று எழுதியிருக்கிறாய். தெய்வநாயகி அக்கா அந்த ஆபீசரின் பேரையும் சொன்னார். நவம்பரில் உனக்கு எழுதும்போது அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று இரண்டு மாதம் பார்த்தேன்.

நீ என்ன எழுதினாய் என்பதைக்கூட நான் கேட்கவில்லை. விதி அப்படியே இருக்கட்டும். அந்த ஜீப் நின்ற இடத்திலிருந்து நம் வீட்டுக் கதவு தெரியும் ஆல்வின். அன்று காலை அம்மா வாசலில் உட்கார்ந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜீப் வந்து போனதைப் பார்த்தேன் என்று அம்மாவே என்னிடம் அன்று சொன்னது. உள்ளே யார் இருந்தது என்று அதற்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.

கூட இருந்தவர்கள் முன்னால் இறங்க முடியவில்லையா? அப்படியாவது எழுது.

ரூத்


செங்கல்பட்டு,
4 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் பொங்கல் கடிதம் வந்தது. தேர்தல் வேலையில் மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் எழுதவில்லை.

வேன் உறுதியாகிவிட்டது. வாக்குப்பதிவு நாளன்று காலையிலேயே காலனி வாசலில் வந்து நிற்கும். வயதானவர்கள், உடல் முடியாதவர்கள் பெயரை ஓட்டுநரிடம் நீ சொன்னால் போதும். அம்மாவை முதல் வண்டியில் ஏற்றிவிடு. பூத் சிலிப் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கொடுத்துவிடு. வெயில் அதிகம், தண்ணீர் குடித்துக்கொண்டே வேலை பார்.

சிநேகா இரண்டாம் வகுப்பில் முதலாக வந்திருக்கிறாள்.

அன்புடன்,
ஆல்வின்


செங்கல்பட்டு,
6 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? வாக்குப்பதிவுக்குப் பிறகு உன்னிடமிருந்து போனும் இல்லை, கடிதமும் இல்லை. அம்மாவும் போனில் சரியாகப் பேசுவதில்லை. "நல்லா கீறேன், நீ சாப்ட்டியா" என்பதோடு சரி.

இதோடு ஆபீசிலிருந்து உனக்கு ஒரு தாள் வரும், அல்லது இதற்குள் வந்திருக்கும். ஓட்டு குறைந்த சாவடிகளின் அலுவலர்கள் எல்லோரிடமும் விளக்கம் கேட்கிறோம். உங்கள் சாவடியில் காலனித் தெருக்களின் ஓட்டு மிகவும் குறைவு. பூத் சிலிப் சரியாகக் கொடுக்கவில்லையா, மக்களுக்கு ஆர்வம் இல்லையா என்று மேலே கேட்கிறார்கள். கீழே என் கையெழுத்து இருக்கும். நான் போடாவிட்டால் யாராவது போடத்தான் வேண்டும். மனதில் வைத்துக்கொள்ளாதே. இரண்டு வரி எழுதி அனுப்பிவிடு, முடித்துவிடுகிறேன்.

அம்மா ஓட்டுப் போட்டதுதானே? வேன் வந்ததுதானே?

தம்பி ஆல்வின்


நாணல்தாங்கல் காலனி,
12 மே 2024

ஆல்வினுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அம்மா நடக்கிறது, சாப்பிடுகிறது, நூறு நாள் வேலைக்கும் போகிறது. நீங்களும் சுகமாக இருங்கள்.

ஆபீஸ் தாள் வந்தது. விளக்கத்தை அங்கேயே அனுப்பிவிட்டேன். "கடும் வெயில் காரணமாக வாக்காளர்கள் வரவில்லை, சிலிப்புகள் அனைத்தும் வழங்கப்பட்டன" என்று நீ கேட்டபடி இரண்டே வரி. உன் கோப்பை நீ முடித்துக்கொள்ளலாம். நடந்ததை இங்கே எழுதுகிறேன். இது கோப்புக்கு அல்ல.

வேன் வந்தது. நீ சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டித் தெரு முழுக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். "பந்தலுக்குள்ள வண்டி வுட முடியாது, நீங்க எப்பவும் போற ஏரிக்கரை வழியா போங்களேன்" என்று சொன்னார்களாம். யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. நீ சொன்னது போல இப்போது யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ஏரிக்கரையில் வேன் போகாது. ஓட்டுநர் காலனி வாசலிலேயே உச்சி வரைக்கும் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் உதவி மேசை போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு வரிசை எண் பார்த்துச் சொல்லும் வேலை. ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் ஆட்கள் கரை மேல் சிறு சிறு கூட்டமாக வருவது தூரத்தில் தெரியும். பாதி தூரத்தில் சிலர் நிற்பார்கள், பேசுவார்கள், திரும்பிவிடுவார்கள். வாலிபப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கிளம்பவே இல்லை. வந்து போட்டவர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வந்தது. அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, சரோஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரமும் அந்த முட்டியோடு நடந்து வந்தது. நான் எழுந்து ஓடினேன். "நீ வேலயப் பாருடி, நான் நிக்கறேன்" என்றது. உன் அம்மா ஓட்டுப் போட வந்தது ஆல்வின். வாசல் வரைக்கும் வந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு வாசுதேவன் தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"உக்காருங்கம்மா. வரிசையில நிக்க வேணாம், நான் சொல்லி உள்ள அனுப்பறேன்."

அம்மா உட்கார்ந்தது. அதற்கே அம்மாவுக்குச் சந்தோஷம். அந்த வாசலில் அதற்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

"ஆல்வின் சாரு அம்மாதான நீங்க? தங்கமான புள்ளம்மா. பூத்து பாக்க வந்தாரே, எங்க வூட்லதான் நாஸ்தா துன்னாரு. அந்தப் பள்ளிக்கூடம் வேணாம், இதுதான் சரின்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. நாங்க கேக்கக்கூட இல்ல."

அம்மா அவரை அண்ணாந்து பார்த்தது. "எப்ப வந்தான்?" என்று கேட்டது.

"போன ஆடியில வந்தாரேம்மா. ஏன், வூட்டுக்கு வரலியா?"

அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் கேட்டதில் குத்தல் இல்லை. அதனால்தான் என்னால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"வந்தான், வந்தான். வராம எங்க போவான்" என்றது அம்மா. பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தது. சிலிப்பை என் மேசைமேல் வைத்தது. "தல சுத்துதுடி, நான் வூட்டுக்குப் போறேன்" என்றது. நான் தடுத்தேன். வாசுதேவனும் தடுத்தார். சரோஜாவின் துணையும் வேண்டாம் என்று சொல்லி, அது தனியாகவே கரை மேல் ஏறியது. நான் மேசையை விட்டுப் போக முடியாது. அது நின்று நின்று நடந்து, கருவேலம் புதர் மறைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்த நம் தெருக்காரர்கள் அம்மா திரும்பி வருவதைப் பார்த்ததும் அவர்களும் திரும்பிவிட்டார்கள். உன் ஆபீஸ் கேட்கிற ஆர்வக்குறைவு அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு வடித்து வைத்திருந்தது. அதுவாகத்தான் பேசியது. "உனக்கு முன்னமே தெரியுமா?" என்றது. தெரியும் என்றேன். "நல்லவேள சொல்லாம இருந்த" என்றது. அப்போதுகூட அது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், நிறையச் சொன்னேன். நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டது.

அப்பா அடி வாங்கியது உனக்காக இல்லை என்று நீ நினைக்கலாம். நீ படித்தாய், பரீட்சை எழுதினாய், உன் உழைப்பில் வந்தாய். ஆனால் உன்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டாய். எதற்கு? நீ எங்கிருந்து வந்தவன் என்று அந்த ஜீப்பில் இருந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்குத்தானே? அடுத்த தேர்தலிலும் காலனி ஓட்டு குறையும். இந்த ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது எழுதுவார்கள். அதிலும் உன் கையெழுத்தே இருக்கலாம்.

ஒரு வாரம் வந்து தங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கூப்பிட மாட்டேன்.

இன்று காலை, உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் ஓட்டுப் போட்டேன்னே எழுதுடி. வேன்ல போயி எறங்கி, போட்டுட்டு வந்துட்டேன்னு எழுது. புள்ள மனசு கஷ்டப்படும்."

அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, ஓட்டுப் போட்டியாம்மா என்று அதனிடம் கேள். போட்டேன் என்று சொல்லும். சரிம்மா என்று சொல்.

ரூத்